அடிக்கல்லில் பேர் போட்டவர்களுக்கு ஒரு பெரட்டு

வண்டன்மேடு போக வழி கேட்டு மாதத்துக்கு நாலு பேராவது இந்தத் தளத்துக்கு எழுதுகிறார்கள். ஏலத்தோட்டம் பார்க்க வேண்டும், மூடுபனியில் படம் எடுக்க வேண்டும், நல்ல காய் எங்கே மலிவாகக் கிடைக்கும், இவைதான் கேள்விகள். எல்லாம் பாருங்கள், வாங்குங்கள். ஆனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு சின்னப் பாலத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது என் பிடிவாதம். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் அது இருக்காது. நான் அதை முதலில் பார்த்தபோது அங்கே பாலமே இல்லை.

எழுபதுகளின் கடைசி. அவசரநிலை நீங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆவணி மாதம். நான் அப்போதுதான் டிகிரி முடித்துவிட்டு பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் எங்கள் காட்டைச் சுற்றிக்கொண்டு, வேலை தேடுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். என் அக்கா சரஸ்வதி வண்டன்மேட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கே அவள் ஒருத்திதான். அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு சாக்கு அரிசியையும் ஒரு பை நிலக்கடலையையும் கையில் கொடுத்தார்.

"மாப்ள ஊட்டுல பேசி முடிச்சாச்சு கண்ணு. மலையில கெடந்தது போதும். அவளக் கையோட கூட்டிட்டு வந்துரு."

"அக்கா வரமாட்டேன்னு சொன்னா என்னங்கப்பா பண்றது?"

"அதுக்குத்தான் உன்னைய அனுப்பறன்."

அரிசி எதற்கு, அங்கே கிடைக்காதா என்று கேட்காதீர்கள். மகளைக் கூட்டிவரப் போகிறவனிடமும் மகளுக்கு அரிசி கொடுத்துவிடுகிற ஊர் எங்களுடையது.

பாலக்காட்டு ஜில்லாவிலிருந்து இடுக்கி ஜில்லாவுக்குப் போக, எங்களுக்குக் கிட்டத்தில் இருந்த வழி தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றுவதுதான். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, பொள்ளாச்சிக்கு ஒரு பஸ், பழநிக்கு ஒரு பஸ். அப்புறம் ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, தேனி என்று மாறி மாறிக் கம்பம். கிட்டத்தட்ட இருநூற்றெழுபது கிலோமீட்டர். பஸ் செலவு பதினைந்து ரூபாய்க்குள் முடிந்தது. கம்பத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது, மலைக்கு ஜீப் இல்லை. நாலு ரூபாய்க்கு ஓர் அறை, மூட்டைப்பூச்சி இலவசம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜீப் நிலையத்துக்குப் போனால் டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, உக்காந்து வாரியா, தொங்கிக்கிட்டு வாரியா? உக்காந்தா மூணு ரூவா. தொங்குனா ரெண்டு."

சாக்கை வைத்துக்கொண்டு தொங்க முடியாது. மூன்று ரூபாய் கொடுத்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, உட்காருவது என்றால் இன்னொருவர் மடியில் பாதி உட்காருவது என்று.

மலையேறும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. அப்போது தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு அரிசி கொண்டுபோக ஆயிரம் கட்டுப்பாடு. சாவடிக்காரர் என் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது பாலக்காட்டு அரிசிங்க. கேரளாவுல இருந்து கேரளாவுக்குத்தானுங்க போகுது" என்றேன்.

"அப்புறம் எப்படி தமிழ்நாட்டுக்குள்ள வந்துச்சு?"

"பஸ்ஸுலதானுங்க."

ஜீப்பில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பாதி அரிசியை இறக்கச் சொன்னார். எந்தச் சட்டத்தில் பாதி அரிசி குற்றம், பாதி அரிசி குற்றமில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காக்கிச் சட்டையைக் கண்டால் குரல் தணிவது எங்கள் வீட்டுப் பழக்கம். பாதிச் சாக்கை மடியில் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன், அவ்வளவுதான்.

வண்டன்மேட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. ஏலக்காடு அழகு, சந்தேகமே இல்லை. மேலே பெருமரங்களின் நிழல், கீழே ஆளுயரச் செடி, காலில் அட்டை. பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டை ஒட்டி ஓர் ஓடை வந்தது. மழைக்காலத்தில் அதை ஓடை என்று சொன்னால் அது கோபித்துக்கொள்ளும். இரண்டு கரையிலும் இரண்டு கல்தூண்கள் நின்றன. தூண்களுக்கு மேல் ஒன்றுமில்லை, வானம்தான். கீழே வழுக்கும் ஒற்றை மரம் ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஆனால் ரோட்டோரம் பளபளவென்று ஓர் அடிக்கல். மந்திரி, எம்.எல்.ஏ., எஞ்சினீயர், காண்ட்ராக்டர் என்று வரிசையாக மலையாளத்தில் பேர் வெட்டி, அந்தக் கல் மழையில் நனையாமல் இருக்கத் தகரக் கூரையும் போட்டிருந்தார்கள். பாலத்துக்கு இல்லாத கூரை பேருக்கு இருந்தது.

அக்கா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "பாதி அரிசி எங்கடா?" சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அதற்கும் ஒரு தரம் அடித்துக்கொண்டாள்.

"பாலம் முடியாம நான் வர்றதா இல்லடா. அப்பாகிட்டச் சொல்லிரு."

"பாலத்துக்கும் உங் கல்யாணத்துக்கும் என்னக்கா சம்மந்தம்?"

பள்ளிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பதினொரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மீதி முப்பது பேரும் ஓடைக்கு அக்கரையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்தார்கள். பழைய மரப்பாலம் போன வருஷ வெள்ளத்தில் போய்விட்டது. ஒரு பிள்ளை ஒற்றை மரத்தில் வழுக்கி விழுந்து மூங்கிலைப் பிடித்துத் தப்பியதிலிருந்து தாய்மார் யாரும் அனுப்புவதில்லை. வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்ஷன் வரும். பிள்ளைகள் குறைவென்றால் பள்ளிக்குப் பூட்டு.

"பூட்டுனா எனக்கு வேற ஊரு கிடைக்கும். இதுகளுக்குக் களை பறிக்கறதுதான் கிடைக்கும்" என்றாள் அக்கா. எத்தனையோ மனு போட்டாயிற்று. அடுத்த வாரம், அடுத்த மாதம், ஃபண்ட் வரட்டும் என்பதே பதில்.

மறுநாள் காலை தோட்டத்துப் பெரட்டைப் பார்க்கப் போனேன். தோட்டத்தில் வேலை தொடங்கும் முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குத்தான் பெரட்டு என்று பேர். வெள்ளைக்காரத் துரை காலத்து ஏற்பாடு. கங்காணி பேரைச் சொன்னால் ஆள் குரல் கொடுக்க வேண்டும். நேரம் தாண்டி வந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. வராவிட்டால் ஒன்றுமில்லை. துரை போய் இந்திய மேனேஜர் வந்தார், அவரையும் துரை என்றார்கள், பெரட்டு அப்படியே இருந்தது.

கங்காணி பேர் சுடலைமுத்து. தொண்டையைத் திறந்தால் மூன்று மலைக்குக் கேட்கும். அவர் பாதி வரிசையைக் கூப்பிட்டு முடித்தபோதுதான் அக்கரை லயத்துப் பெண்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். ஓடை பெருகியிருந்ததால் மேட்டைச் சுற்றி வந்திருக்கிறார்கள்.

"பேச்சியம்மா, அரைப்பேர்" என்றார் கங்காணி.

முன்னால் வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"சரி அண்ணாச்சி. நான் நேரத்துக்கு வரல, எனக்கு அரைப்பேரு. அந்தக் கல்லுல பேர் போட்டவுக ஒரு வருசமா வேலைக்கே வரலியே, அவுகளுக்கு என்ன பேரு?"

வரிசை கொல்லென்று சிரித்தது. கங்காணியும் மீசைக்குள் சிரித்தார். அதோடு போயிருக்க வேண்டிய பேச்சு. ஆனால் பேச்சியம்மா விடவில்லை. சாயங்காலம் அக்காவின் பள்ளி வாசலுக்கே வந்துவிட்டாள், கங்காணியையும் இழுத்துக்கொண்டு.

"டீச்சர், கல்லுல இருக்க பேரெல்லாம் நீங்க வாசிங்க. அண்ணாச்சி கூப்பிடட்டும். நாளைக்குக் காலைல அங்கன பெரட்டு."

"ஏட்டி, என் வேலைக்கே உலை வைக்கியா?" என்று அலறினார் சுடலைமுத்து. "மந்திரி பேரைக் கூப்பிட நான் யாரு?"

"எம் பேரைக் கூப்பிட நீங்க யாரு? அப்படி நான் கேட்டேனா? பேரு எழுதியிருக்கு, கூப்பிடுதீக, நான் வாறேன். எங்க ஆத்தா காலத்துல இருந்து கீழ நிக்கவ பேரையே கூப்பிடுதோம். ஒரு நாளாவது மேல நிக்கவுக பேரைக் கூப்பிட்டுப் பாப்போமே."

கங்காணியின் பேத்தியும் அக்கரையில் பள்ளிக்கு வராமல் இருந்தாள். கடைசியில், "சரி. வெயில் வாரதுக்கு முன்ன முடிச்சிரணும்" என்றார். அந்த ஊரில் வெயில் வந்து பல நாள் ஆகியிருந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு, தோட்டத்துப் பெரட்டுக்கு அரைமணி முன்னால், அடிக்கல் முன்னே அறுபது எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். அக்கா மலையாளப் பேரை மெதுவாக வாசிக்க, சுடலைமுத்து அதே பெரட்டுக் குரலில் முழங்கினார். முதலில் மந்திரி. பேர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. பேரன் பேத்திகள் எங்கேயாவது நல்லபடி இருப்பார்கள்.

மந்திரி பேரைக் கூப்பிட்டுவிட்டுக் கங்காணி வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினார். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

"வரல!" என்றது வரிசை.

எம்.எல்.ஏ. வரல. எஞ்சினீயர் வரல. காண்ட்ராக்டர் வரல. பெரட்டு முடிந்தது, எல்லோரும் வேலைக்குப் போனார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை, யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்கே ஊருக்குத் திரும்ப இருந்தவன் பையைப் பிரித்து வைத்துவிட்டேன்.

தினமும் நடந்தது. மேனேஜர் கங்காணியைக் கூப்பிட்டு விசாரித்தார். "துரை, தோட்டத்து ஆளுக நேரத்துக்கு வந்துட்டாவளே. கல்லுல இருக்கவுகதான் வரல" என்றார் சுடலைமுத்து. மேனேஜருக்கும் ஆள் நேரத்துக்கு வர வேண்டியிருந்தது. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜீப் டிரைவர்கள் நிறுத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் வாயில் விழுந்தால் செய்தி கம்பம் வரை போகும். அந்த வாரம் உப்பு, மண்ணெண்ணெய் வாங்கக் கங்காணியோடு வண்டன்மேடு போனவன், ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்தை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். பாலத்துக் காண்ட்ராக்டர் காய் வியாபாரமும் செய்பவர். முன்வரிசையில் மோதிரக் கையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு குவியல் அவருக்குப் படிந்து, ஏலம் விடுகிறவர் அவர் பேரைச் சொன்னார். பின்னாலிருந்து யாரோ ஒரு வியாபாரி நீட்டி முழக்கினார்.

"வரல!"

கூடமே சிரித்து உருண்டது. காண்ட்ராக்டர் முகம் கறுத்து எழுந்து போனார். என் பக்கத்தில் சுடலைமுத்து ஒன்றும் தெரியாதவர் போல மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை நல்ல மழை. பெரட்டு முடிந்தும் ஆட்கள் தகரக் கூரைக்கடியிலும் மரத்தடியிலும் ஒதுங்கி நின்றார்கள். ஒரு ஜீப் வந்து நின்றது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் குடையோடு இறங்கினார். பியூன் இல்லை, கூட யாரும் இல்லை. கல்லையும் தூண்களையும் ஒற்றை மரத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கங்காணியிடம் வந்தார்.

"எனக்குத் தமிழ் அறியும். என் பேரை ஒரு பிராவசியம்கூட... இன்னொரு தரம் கூப்பிடுங்க."

எஞ்சினீயர்! சுடலைமுத்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு பேச்சியம்மாவைப் பார்த்தார். பேச்சியம்மா, "கூப்பிடுங்க அண்ணாச்சி" என்றாள். கூப்பிட்டார்.

எஞ்சினீயர் குடையை மடக்கினார். வரிசையில் யாரும் குடை பிடிப்பதில்லை என்று கேள்விப்பட்டிருப்பார் போல. மழையில் நேராக நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஹாஜர்."

பேச்சியம்மா அக்கா பக்கம் திரும்பினாள். "டீச்சர், மணி என்ன?"

"ஏழே கால்."

"நேரம் தாண்டிட்டே. அப்ப சாருக்கு அரைப்பேர்தான்."

எஞ்சினீயர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அந்த மலையே சிரித்தது. "குடைய விரிங்க சார், நனையாதீக" என்றாள் பேச்சியம்மா. "விரிச்சுக்கிட்டே சொல்லுங்க. பாலம் ஏன் நின்னு போச்சு?"

அவர் குடையை விரிக்கவில்லை. நனைந்துகொண்டே சொன்னார். தூண் வரைக்கும் காண்ட்ராக்டருக்குப் பணம் போயிற்று. மீதி வேலைக்கு எஞ்சினீயர் இடத்தை வந்து பார்த்து உத்தரவு போட வேண்டும். அவர் வரவில்லை. "வழி மோசம், மழை, வேற ஜோலி என்று சொல்லலாம். அதெல்லாம் காரணமில்லை. நான் வந்து பார்க்கவில்லை. அதுதான் காரணம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. ஓர் அதிகாரி தன் வாயால் 'நான் செய்யவில்லை' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதே இல்லை. அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை வேறு எந்த அதிகாரியின் மேலும் வந்ததில்லை. பேச்சியம்மாவும் அவரைக் குத்திப் பேசவில்லை. "வந்துட்டீக, சொல்லிட்டீக, சந்தோசம். ஆனா பெரட்டு தினமும் உண்டு சார்" என்றாள்.

தினமும் முடியாது, திங்கட்கிழமைதோறும் வருகிறேன் என்றார். வந்தார். நான் அங்கே இருந்த அடுத்த திங்கட்கிழமையும் ஏழுக்கு முன்பே ஜீப் நின்றது. "ஹாஜர்" சொல்லிவிட்டு, அந்த வாரம் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று வரிசைக்குச் சொன்னார். அன்று காண்ட்ராக்டரும் மோதிரமில்லாமல் வந்து நின்றார். அவர் குரல் சின்னதாக இருந்ததால், "கேக்கல!" என்று மறுபடி சொல்ல வைத்தார்கள்.

நான் அக்கா இல்லாமல்தான் ஊருக்குத் திரும்பினேன். ஒரு பையில் ஏலக்காய் கட்டிக் கொடுத்திருந்தார்கள் லயத்துக்காரர்கள், ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லி. அதே சாவடி, அதே ஆள். பையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் பாதியை எடுக்கக் கை நீட்டினார். எனக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ.

"எடுத்துக்கங்க. உங்க பேரு என்னங்க?"

"எதுக்கு?"

"சும்மாதானுங்க. பேரு தெரிஞ்சா நல்லதுங்களே."

கையை இழுத்துக்கொண்டார். ஜீப் டிரைவர் சாவடி தாண்டும் வரை வாயைப் பொத்திக்கொண்டு வந்தார், தாண்டியதும் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். என்னிடம் இரண்டு ரூபாய்தான் வாங்கினார், உட்கார்ந்து வந்ததற்கு.

வெள்ளைக்காரன் இந்த நாட்டில் விட்டுப்போனது ரோடும் ரயிலும் மட்டுமில்லை. கூப்பிடுகிறவன் ஒருவன், வந்து நிற்கிறவன் இன்னொருவன் என்ற ஏற்பாட்டையும் விட்டுப்போனான். நாம் நாற்காலியில் ஆளை மாற்றினோம். யார் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்பதை மாற்ற மறந்துவிட்டோம். சுதந்திரம் என்றால் என்ன என்று என்னை எந்தக் கல்லூரியிலும் சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்போது சொல்வேன், பெரட்டு இரண்டு பக்கமும் நடப்பது.

மாசியில் திரும்பப் போனேன். இன்ஸ்பெக்ஷனுக்கு முன்பே பாலம் முடிந்திருந்தது. நான் போன அன்று காலை நாற்பத்தொரு பிள்ளைகளும் பள்ளியில் இருந்தார்கள். அக்கரைப் பிள்ளைகள் வந்தது நடையல்ல, ஓட்டம். பாலம் ஆடுகிறதா என்று குதித்துப் பார்த்தார்கள். ஆடவில்லை. பள்ளிக்குப் பூட்டு வரவில்லை. அக்கா வைகாசியில் கல்யாணம் முடித்து, மாமாவையும் கூட்டிக்கொண்டு மலைக்கே போய்விட்டாள். அப்பா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இப்போது கம்பத்திலிருந்து மெட்டு மலைப்பாதை வழியாக பஸ்களே உண்டு, தொங்க வேண்டாம். முடிந்தால் காலையிலேயே ஏறிவிடுங்கள், மதியத்துக்கு மேல் பனி இறங்கினால் பக்கத்தில் இருப்பவரே தெரியமாட்டார். ஆடி ஆவணியில் அட்டைக்கு உப்புப் பொட்டலம் அவசியம். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். பழைய பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் பாலம்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு கருங்கல் பதித்திருக்கும். அதில் ஓர் எழுத்தும் இருக்காது. திறப்பு விழாவுக்குப் பேர்கள் வெட்டக் கொண்டுவந்த கல் அது. "தாராளமாப் போடுங்க. போட்டா காலைல பெரட்டுக்கு வரணும், சம்மதமா?" என்று பேச்சியம்மா கேட்டாளாம். எஞ்சினீயர் சிரித்துவிட்டு, அப்படியே பதித்துவிடச் சொன்னாராம்.

கல் காலியாக இருக்கிறதே என்று ஆணியால் உங்கள் பேரைக் கீறிவிடாதீர்கள். அந்த ஊரில் கல்லில் பேர் போட்டால், காலை ஏழு மணிக்கு வந்து நிற்க வேண்டும்.